நீங்கள் விட்டுவைத்த அரைக்கல் இடம்

என் சேலை முந்தானை முழுக்கக் கரி. கழுத்தில், காது மடலில், நரைத்த வகிட்டில் எல்லாம் கரி. மருமகள் இரண்டு தரம் வந்து, "சேலைய மாத்திட்டு வாங்கத்தே, காப்பி ஆறுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் மாற்றவில்லை. பேத்தியின் பழைய நோட்டில் தாள் கிழித்து, கூடத்து மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். தாளின் ஓரத்தில் என் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்துவிட்டது. போகட்டும். நீங்கள் போடும் கையெழுத்தும் அப்படித்தானே இருக்கும்.

இந்தக் கரிக்கு ஒரு வாசம் இருக்கிறது. அடுப்புக் கரி வாசம் இல்லை. பழைய சுண்ணாம்பும் என்றோ எரிந்த விறகும் மழையும் ஒன்றாய்க் கிடந்து ஊறிய வாசம். இந்தக் கரிக்குப் பயந்துதான், ஒருநாள் நீங்கள் கூப்பிட்டும் வரமாட்டேன் என்றேன்.

நீங்கள் உயிரோடு இருந்தபோதே உங்களுக்கு வரும் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டுவேன். நான் அஞ்சாம் வகுப்பு. நீங்கள் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர். அதில் எனக்கு இருந்த பெருமை உங்களுக்குத் தெரியும். இதையும் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கல்லறைக்கு வருகிறேன்.

நாம் இந்த வீட்டுக்கு வந்த புதிது நினைவிருக்கிறதா? ரயில் வேலைக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கட்டிய பங்களா என்றார்கள். பல கை மாறி, ஓடு சரிந்து, பாதி மண்ணாகி, மீதிதான் நம்மிடம் வந்தது. அந்த மீதியை நீங்கள் உங்கள் இரண்டு கையால் நிமிர்த்தினீர்கள். கூடத்துச் சுவரில் ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு குழிவு. அதன் மேல் செங்கல் வளைவு, வளைவுக்கு மேல் கருங்கல் பலகை, அங்கிருந்து கூரையைத் தாண்டி உயரப் போகும் புகைக்கூண்டு. குளிர்காய்வதற்கு என்றே கட்டிய அடுப்பு.

தெருவே வந்து பார்த்துச் சிரித்தது. "திண்டுக்கல் வெயிலுக்குக் குளிர்காய அடுப்பா? அந்தத் தொரைக்கு மண்டையில கோளாறுதான்" என்றார்கள். நாமும் அதற்குத் துரையடுப்பு என்றே பேர் வைத்தோம்.

நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு குனிந்து உள்ளே போனீர்கள். இடுப்புக்கு மேல் ஆளைக் காணோம், இரண்டு கால் மட்டும் கூடத்தில் நின்றது. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் குரல் வந்தது.

"ஏ புள்ள, இங்க வா. மேல வானம் தெரியுது. வந்து பாரு."

"எனக்கு வாசல்ல நின்னாலே வானம் தெரியும். சேலை கரியாகும், நான் வரல."

"செத்த நேரந்தான் புள்ள. கோடு போட்டு வெட்டுன மாதிரி இருக்கு."

"நீங்களே பாத்துட்டு வாங்க. ஒலை கொதிக்குது."

வெளியே வந்தபோது முகம் கறுப்பு, பல் மட்டும் வெள்ளை. வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல மெதுவாகச் சொன்னீர்கள். "கெட்டிக்காரப் பய கட்டியிருக்கான். புகை திரும்பி வராம இருக்க உள்ள ஒரு படி வச்சிருக்கான் பாரு. என்னால இப்பிடிக் கட்ட முடியுமான்னு தெரியல." இன்னொரு கொத்தனாரின் வேலையை நீங்கள் மெச்சி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

பெரியவன் பிறந்து ஆறு மாதம் இருக்கும். தொட்டில் கூடத்தில் தொங்கியது. ஒரு மத்தியானம் துரையடுப்பில் கரி பொலபொலவென்று உதிர்ந்தது. என்னவென்று திரும்புவதற்குள் எலி ஒன்று ஓடியது, அதன் பின்னாலேயே ஆள் நீளத்துக்கு ஒரு சாரைப்பாம்பு இறங்கித் தொட்டிலடியில் வந்து நின்றது. நான் போட்ட சத்தத்தில் அது வாசல் வழியே போய்விட்டது. நானும் அதே வாசல் வழியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாடிக்கொம்புக்கு, என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். அதை அடைத்தால்தான் திரும்பி வருவேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் சைக்கிளில் வந்து இறங்கினீர்கள். "அடைச்சாச்சு, ஏறு" என்றீர்கள். என் அம்மா விடவில்லை. "என்ன மாப்ள, பாம்புக்குப் பயந்து அடச்சீகளா, எம் மகளுக்குப் பயந்து அடச்சீகளா?"

"பாம்பு ஒருதரந்தான் அத்தே கொத்தும்" என்றீர்கள். அம்மா சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். வளைவே இல்லை. சுவர் சமமாக, சுண்ணாம்பு பூசி, பழைய சுவர் எது புதுச் சுவர் எது என்று தெரியாமல் இருந்தது. ஆனால் கீழே, தரைக்கு ஒரு சாண் மேலே, அரைச் செங்கல் அளவுக்கு ஓர் ஓட்டை. உள்பக்கம் கம்பி வலை வைத்திருந்தீர்கள்.

"கல்லு பத்தலையா?"

"பத்துச்சு."

"அப்ப இது என்ன?"

"அது மூச்சு விட."

"செவுரு மூச்சு விடுமா? அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கேன், எந்த வாத்தியாரும் சொல்லலையே."

"வாத்தியாரு எந்தச் செவுத்தக் கட்டுனாரு?" என்று சிரித்தீர்கள். பிறகு கரணையைக் கழுவிக்கொண்டே, என்னிடம் இல்லை, தண்ணீரிடம் சொல்வது போலச் சொன்னீர்கள். "யாரு வேணா அடைச்சிரலாம் புள்ள. பின்னால தெறக்குறவன நெனச்சு அடைக்கணும்."

எனக்கு அது சாக்காகத்தான் பட்டது. ஊரெல்லாம் சுவர் எழுப்புகிற மனிதர், சொந்த வீட்டுச் சுவரில் ஒரு கல்லை விட்டுவிட்டாரே என்று கூச்சமாக இருந்தது. டிரங்குப் பெட்டியை இழுத்து அதன் முன்னால் போட்டேன். டிசம்பர் மாதம் மட்டும் பெட்டியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் குடில் வைப்போம். குடிலுக்குள் விரித்த வைக்கோல் தானாக அசையும். ஜன்னல் சாத்தியிருந்தாலும் அசையும். பிள்ளைகள் முட்டி போட்டு உட்கார்ந்து, "குழந்தை இயேசு மூச்சு விடுறாரு" என்பார்கள். நீங்கள் என்னைப் பார்ப்பீர்கள். நான் பார்க்காதது போல மெழுகுதிரியைச் சரிசெய்வேன்.

உங்களைச் சவப்பெட்டியில் வைத்ததும் அதே சுவர் ஓரத்தில்தான். தலைமாட்டில் ஏற்றிய திரி ராத்திரி முழுக்கச் சுவர்ப் பக்கமே சாய்ந்து எரிந்தது. காற்று என்று நினைத்தோம். எந்தக் காற்று என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி எழுதப்போவதைத்தான் உங்களிடம் சொல்ல இத்தனை வருஷமாகத் தோன்றவில்லை.

நீங்கள் போன மறுவருஷம் பெரியவன் கல்யாணம். வேடசந்தூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். டிரங்குப் பெட்டியை நகர்த்தியதும் அந்த ஓட்டை தெரிந்தது. கொத்தனார் வீட்டுச் சுவரிலேயே ஓட்டையா என்று அவர்கள் வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிடக் கூடாது. உங்கள் பேருக்காகத்தான் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். உங்கள் கரணையை எடுத்தேன். நாலு கை சிமெண்ட் குழைத்தேன். வலையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அரைச் செங்கல் இடத்தை நானே அடைத்து, கட்டைவிரலால் அமுக்கி, மேலே வழித்து, ஈரத் துணியால் தேய்த்தேன். அன்று எனக்கு இருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் குறையாக விட்ட வேலையை நான் முடித்துவைத்தேனாம்.

அந்த வருஷம் குடிலில் வைக்கோல் அசையவில்லை. வைக்கோல் கனமானது போல என்று நினைத்தேன்.

சுவரில் முதலில் உள்ளங்கை அளவுக்கு ஈரம் தெரிந்தது. அடுத்த ஐப்பசியில் முறம் அளவு. மேலே பெயிண்ட் அடித்தோம், அது கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. திருஇருதய ஆண்டவர் படத்தின் பின்பக்கம் பூஞ்சை பிடித்தது. மழை பெய்தால் கூடம் முழுக்க நனைந்த கரி வாசம். பெயிண்ட் சரியில்லை என்றேன், ஓடு சரியில்லை என்றேன், காலம் சரியில்லை என்றுகூடச் சொன்னேன். இந்த ஐப்பசியில் தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து பேத்தியின் புத்தகத்தின் மேல் விழுந்தது.

பெரியவன் முடிவு கட்டிவிட்டான். "அப்பா அன்னைக்கு அவசரத்துல எதையோ போட்டு அடைச்சிருக்காரும்மா. செவுரு, புகைக்கூண்டு எல்லாத்தையும் மொத்தமா எடுத்துட்டு புதுசா கட்டிருவோம்."

அவசரத்தில் என்று அவன் சொன்னது எனக்கு உறைத்தது. உங்கள் சுவரை உங்கள் மகனே இடிக்கச் சொல்கிறான். நான் வாயைத் திறக்குமுன் மருமகள்தான் பேசினாள். "தொறந்து பாத்துட்டு இடிங்க. டிசம்பர் வந்தா குடில எங்க வைக்க, உங்க தலையிலயா?"

அப்படித்தான் சேகர் வந்தார். வேடசந்தூர்ப் பக்கம், நாற்பது வயது, வாய் ஓயாத கொத்தனார். சுவரைத் தட்டிப் பார்த்தார், பூச்சைக் கொத்தி எடுத்தார், பிறகு உளியை வைத்து ஒரு தட்டு தட்டினார். அடுத்த தட்டுக்கு வேலையே இல்லை. செங்கல் கையோடு வந்துவிட்டது.

"அண்ணே, இங்க வாங்க. களிமண்ணு! ஒரு பொட்டுச் சிமெண்ட் இல்ல. பழைய செவுத்துக்குள்ள கல்லச் செருகிப் பல்லுகூடக் கோக்கல. சும்மா அடுக்கி வச்சிருக்கான். எந்தக் கொத்தன் செஞ்ச வேலை இது?"

"எங்கப்பா" என்றான் பெரியவன்.

சேகர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அந்தக் காலத்துல சிமெண்ட் கெடைச்சிருக்காதுல்ல, ஆத்தா" என்று என்னைப் பார்த்துச் சமாளித்தார். ஆறுதல்தான் இன்னும் சுட்டது. எங்கள் வீட்டுக்காரர் கட்டிய சுவரில் ஆணி இறங்காது என்று கோயில் வாசலிலும் சந்தையிலும் சொல்லித் திரிந்தவள் நான். என் கூடத்துச் சுவரில் செங்கல் பழம் உதிர்வது போல உதிர்கிறது.

"பாத்தியாம்மா? அதான் ஈரம். இடிச்சிருவோம்" என்றான் பெரியவன். இவர் தன் வீட்டுக்கு மட்டும் ஏன் இப்படிச் செய்தார் என்று முதல்முறையாக உங்கள் மேல் ஒரு சந்தேகம் வந்தது. எழுதவே கை கூசுகிறது. ஆனால் வந்தது.

சேகர் கற்களை எடுத்துக்கொண்டே போனார். ஒன்றுகூட உடையவில்லை. முழுசு முழுசாக வந்து ஓரத்தில் அடுக்கில் ஏறியது. பாதி எடுத்ததும் அவர் பேச்சு குறைந்தது. பழைய வளைவின் விளிம்பில் விரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார்.

"அண்ணே, இடிக்கிற பேச்ச விடுங்க. இங்க பாருங்க. வளைவுல ஒரு கீறல் இல்ல. ஒரு பொளவு இல்ல. பல்லு கோத்திருந்தா இத ஒடைக்காம எடுக்க முடியுமா? சிமெண்ட் போட்டிருந்தா இந்தப் பழைய கல்லு மிஞ்சியிருக்குமா? வேணும்னே களிமண்ணு போட்டிருக்காரு. பின்னாடி ஒருத்தன் வந்து தெறப்பான்னு தெரிஞ்சே கட்டியிருக்காரு. இது செவுரு இல்லண்ணே. கதவச் சாத்திட்டுப் போயிருக்காரு மனுசன்."

கரணையைக் கழுவிக்கொண்டே நீங்கள் சொன்ன சொல், நாற்பது வருஷம் கழித்து, உங்களைப் பார்த்தே இராத ஒருவர் வாயிலிருந்து வந்தது.

அடிவரிசைக்கு வந்தபோது உளி டங்கென்று எகிறியது.

"இது மட்டும் சிமெண்டு" என்று குனிந்து பார்த்தார் சேகர். "அடப்பாவி, இதத்தான அடச்சிருக்கக் கூடாது! மேல கூண்டு உச்சியில மூடிக்கல்லத் தூக்கி வச்சு சந்து விட்டிருக்காரு, நான் காலையிலயே பாத்தேன். கீழயும் வழி விட்டிருக்காரு. கீழ போற காத்து உள்ள இருக்குற ஈரத்த வாரிட்டு மேல போயிரும். இத அடச்சா ஈரம் எங்க போகும்? செவுத்துக்குள்ளயே ஊறிக் கெடக்கும். வெவரங்கெட்ட எவனோ செஞ்ச வேலை."

"பெயிண்ட் அடிக்க வந்தவங்களா இருக்கும்" என்றான் பெரியவன். "என்னம்மா, அப்பிடித்தான?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அந்தப் பெயிண்ட்காரர்கள் எங்கே இருக்கிறார்களோ, யாருக்கும் நஷ்டமில்லை. ஆமாம் என்பது நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. அப்போது சேகர் அந்தக் கட்டியைப் பெயர்த்துத் தரையில் வைத்தார். வெளிச்சம் விழுந்தது. அதன் ஓரத்தில், துணி படாத இடத்தில், கட்டைவிரல் ஒன்று அழுத்தமாகப் பதிந்திருந்தது. ரேகைகூடத் தெரிந்தது. அஞ்சாம் வகுப்பு படித்தவள் வைத்த கைநாட்டு.

"அந்த வெவரங்கெட்டவ நாந்தான்" என்றேன். "அவரு சொன்னாரு, செவுரு மூச்சு விடணும்னு. நாந்தான் கேக்காம, சம்பந்தி வீட்டாளுக வர்றாகன்னு அடச்சுட்டேன். அவரு வேலையில ஒரு குத்தமும் இல்ல. எழுதி வச்சுக்கோ."

சேகர் பதறிவிட்டார். "ஐயோ ஆத்தா, நான் ஏதோ வாய்த் துடுக்குல..." மருமகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "எங்க வீட்டு ஆளுக வர்றாகன்னா அத்தே இம்புட்டு வேல செஞ்சீக?" என்றாள். பெரியவன் மட்டும் சிரிக்கவில்லை. அடுக்கி வைத்த செங்கற்களில் ஒன்றைக் கையில் எடுத்து, அதில் ஒட்டியிருந்த களிமண்ணை விரலால் மெல்லத் துடைத்துக்கொண்டு நின்றான். இடிப்பது பற்றி அவன் அப்புறம் பேசவே இல்லை.

உள்ளே பின்சுவரில் சாய்த்து ஒரு மூட்டை இருந்தது. எண்ணெயில் ஊறிய சாக்கைப் பிரித்தால், துரையடுப்பில் விறகு அடுக்குகிற பழைய இரும்புச் சட்டம். ஓரத்தில் மட்டும் துரு. பாம்புக்கும் எனக்கும் பயந்து மூன்று நாளில் அடைத்த நீங்கள், அதற்குள் அதைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டுச் சுற்றி வைக்க நேரம் கண்டிருக்கிறீர்கள். யாருக்காக? யார் வருவார் என்று?

சேகர் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வளைவுக்குக் கீழே பிடித்தார். புகை நேராகத்தான் எழும்பியது. பிறகு யாரோ கூப்பிட்டது போல உள்பக்கம் திரும்பியது, வளைந்தது, விறுவிறுவென்று மேலே ஏறிப் போனது. கூடத்துக்கு ஓர் இழைகூடத் திரும்பவில்லை. "இழுக்குது ஆத்தா, இழுக்குது!" என்று கத்தினார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

பிறகு இருபது நாள் வேலை. புகைக்கூண்டிலிருந்து மூன்று சாக்குக் கரியும் பழைய கூடுகளும் வந்தன. வளைவின் சந்துகளுக்குச் சுண்ணாம்பு வைத்தார். சுவர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து, முறம் அளவு ஈரம் உள்ளங்கை அளவாகி, ஒருநாள் தேடினாலும் காணவில்லை. நீங்கள் வைத்த மூடிக்கல்லையே சுற்றிலும் வலை கட்டித் திரும்ப ஏற்றுவதாக ஏற்பாடு. பாம்புக்கு இனி வழியில்லை.

இன்று மத்தியானம் சேகர் கூரையிலிருந்து குரல் கொடுத்தார். "ஆத்தா, மூடியத் தூக்கி வைக்கப் போறேன். பாக்கணும்னா இப்பவே பாத்துக்கங்க."

நான் எழுந்தேன். முட்டி மடங்காது என்று மருமகளுக்குத் தெரியும். "அத்தே, வேணாம். அத்தே, சேலை!" என்று ஓடி வந்தாள். அதற்குள் ஒரு கையால் வளைவைப் பிடித்துக்கொண்டு குனிந்து, உள்ளே போய், மெல்ல நிமிர்ந்துவிட்டேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. இருட்டு காக்கைச் சிறகு போல மினுங்கியது. பிறகு நான்கு சுவரும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே மேலே, மேலே போவது தெரிந்தது. கல் கல்லாக எண்ணலாம். அதன் உச்சியில், கோடு போட்டு வெட்டியது போல, ஒரு சதுர வானம். வாசலில் நின்று பார்க்கிற வானம் இல்லை அது. அத்தனை நீலத்தை நான் பார்த்ததில்லை. ஒரு பருந்து ஒரு மூலையில் நுழைந்து மறு மூலையில் போனது. முகத்தின் மேல் காற்று ஏறிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் நின்றும் எனக்குத் தீரவில்லை.

இதன் முன்னால்தான் நான் நாற்பது வருஷம் சோறு போட்டேன், பிள்ளை வளர்த்தேன், உங்களோடு சண்டை போட்டேன். உங்களுக்குத் திரி ஏற்றினேன். ஒரு செங்கல் கனத்துக்கு அந்தப் பக்கம் இது நின்றுகொண்டே இருந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியும். என்றாவது நான் பார்ப்பேன் என்றும் தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் எனக்காக அடைத்த சுவரை எனக்காகவே இவ்வளவு லேசாக யார் கட்டுவார்?

கிறிஸ்துமஸ் அன்று காலையில் அந்தச் சட்டத்தில் நாலு சுள்ளி வைத்துக் கொளுத்தப் போகிறோம். குளிருக்கு இல்லை, திண்டுக்கல்லில் ஏது குளிர். குடில் இந்த வருஷம் பக்கத்தில் இருக்கும். சிமெண்ட் கட்டியைச் சேகர் வெளியே எறியப் போனார், வாங்கி வைத்துக்கொண்டேன். இப்போது இந்தத் தாள் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைத்திருக்கிறேன். கரணை உங்கள் ஆணியில் தொங்குகிறது. நான் தொடவில்லை.

உள்ளே நின்றபோது நான் வாய்விட்டுப் பேசினேன். வெளியே நின்றவர்களுக்கு என் இரண்டு கால் மட்டும்தான் தெரிந்திருக்கும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டிருக்கும். "அத்தே, யார்ட்ட பேசுறீக?" என்று மருமகள் கேட்டாள். நீங்கள் கூப்பிட்டதற்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒன்று பாக்கியிருந்தது. அதை மேலே பார்த்துச் சொன்னேன்.

"வந்துட்டேங்க. தெரியுது."